நார்மன் லியர்: தந்தையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்

நார்மன் லியர் 2023 டிசம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தமது 101ஆம் வயதில் காலமானபோது, அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களுக்குள் அரசியலைக் கொண்டுவந்தவர் என்றே பெரும்பாலான அஞ்சலிகள் அவரை நினைவுகூர்ந்தன. அது உண்மைதான் என்றாலும், அவருடைய தொடர்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்துவரும் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இனவெறி, போர், கருக்கலைப்பு, வேலையின்மை என்று தலைப்புகளைப் பட்டியலிட்டு எழுதும் ஒருவரால் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நாட்டையே சிரிக்கவைத்திருக்க முடியாது. லியர் முதலில் திரைக்குக் கொண்டுவந்தது தம்முடைய தந்தையை. அரசியல் அந்தத் தந்தையின் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்தது.

1922 ஜூலை 27 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் லியர் பிறந்தார். தந்தை ஹெர்மன் லியர், இன்னும் சில நாட்களில் பெரும் பணம் வந்துவிடும் என்று எப்போதும் உறுதியளித்துக்கொண்டிருந்த மனிதர். 1931இல், மகனுக்கு ஒன்பது வயதானபோது, போலிப் பத்திரங்களை விற்க முயன்ற குற்றத்துக்காக அவர் கைதாகிச் சிறைக்குச் சென்றார். அவமானம் தாங்காத தாய் வீட்டைக் காலிசெய்ய முடிவெடுத்தார். வீட்டுப் பொருட்கள் விலைபேசப்பட்டன. வானொலி கேட்பதற்காகத் தந்தை வழக்கமாக அமரும் சிவப்புத் தோல் நாற்காலியும் அவற்றுள் ஒன்று. அந்த நாற்காலியை யாரோ வாங்கிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனின் தோளில் வந்திருந்தவர்களில் ஒருவர் கைவைத்து, இனி நீதான் இந்த வீட்டின் ஆண்பிள்ளை என்று சொன்னாராம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம், அதுவும் அந்த நேரத்தில், இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லத் துணிந்த அந்தப் பெரிய மனிதரின் அசட்டுத்தனத்திலிருந்தே மனித இயல்பின் வேடிக்கையைத் தாம் முதலில் உணர்ந்ததாக லியர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே வயதில் அவர் இன்னொன்றையும் கேட்டார்: தம்முடைய சிறிய கிரிஸ்டல் வானொலிப் பெட்டியில் காஃப்லின் என்ற பாதிரியார் யூதர்கள்மீது வெறுப்பைப் பொழிந்த உரைகள். வெறுப்பு வீட்டுக்குள்ளேயே, ஒலிபரப்பின் வழியாகவே வந்து சேரும் என்பதை அத்தனை சிறிய வயதில் அறிந்துகொண்ட ஒருவர், வளர்ந்தபின் ஒளிபரப்பையே தம் தொழிலாகக் கொண்டதை என்னால் தற்செயலாகக் கருத முடியவில்லை.

பேச்சுப் போட்டியொன்றில் கிடைத்த உதவித்தொகையால் பாஸ்டனில் உள்ள எமர்சன் கல்லூரியில் சேர்ந்த லியர், 1942இல் படிப்பைப் பாதியில் விட்டு விமானப்படையில் சேர்ந்தார். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் வானொலி இயக்குநராகவும் துப்பாக்கி வீரராகவும் இத்தாலியிலிருந்து 52 போர்ப் பயணங்கள் சென்று திரும்பினார். போருக்குப் பின் நியூயார்க்கில் நாடகக் கலைஞர்களுக்கான விளம்பரப் பணி; அது நிலைக்காமல் போகவே 1949இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே உறவுப் பெண்ணின் கணவரான எட் சிம்மன்ஸும் அவரும் பகலில் வீடு வீடாகச் சென்று பொருட்களை விற்றார்கள். இரவில் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினார்கள். தம்மைப் பத்திரிகையாளர் என்று தொலைபேசியில் அறிமுகப்படுத்திக்கொண்டு நகைச்சுவைக் கலைஞர் டேனி தாமஸின் எண்ணைப் பெற்ற லியர், அவரிடமே நேரடியாகப் பேசித் தம்முடைய முதல் துணுக்கை விற்றார். விரைவிலேயே டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் என்ற நகைச்சுவை இரட்டையருக்கு இருவரும் எழுதத் தொடங்கினார்கள். அதன்பின் வந்த பத்தாண்டுகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சம்பளம், 1950களின் இறுதியில் இயக்குநர் பட் யார்க்கினுடன் சேர்ந்து தொடங்கிய டேண்டம் தயாரிப்பு நிறுவனம், சில திரைப்படங்கள், திரைக்கதைக்காக ஓர் ஆஸ்கர் பரிந்துரை. அவர் அப்போதே ஓய்வுபெற்றிருந்தால் திறமையான ஒரு ஹாலிவுட் எழுத்தாளர் என்ற அளவில் மட்டுமே நினைவில் இருந்திருப்பார்.

பிரிட்டனில் ஜானி ஸ்பெய்ட் எழுதி பிபிசியில் வந்துகொண்டிருந்த ஒரு தொடரைப் பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. வெறுப்பும் முரட்டுப் பிடிவாதமும் நிறைந்த ஒரு தொழிலாளித் தந்தையும், இடதுசாரி எண்ணங்கொண்ட மருமகனும் ஒரே வீட்டுக்குள் ஓயாமல் மோதிக்கொள்ளும் கதை அது. படித்தவுடனே லியருக்குத் தம் வீடு நினைவுக்கு வந்தது. அவருடைய தந்தை அவரை, தாம் கண்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளிலேயே பெரிய சோம்பேறி என்று திட்டுவார். ஒரு பிள்ளையைக் கண்டிப்பதற்காகக் கறுப்பினம் முழுவதையும் ஏன் இழிவுபடுத்துகிறீர்கள் என்று மகன் கேட்டால், அது மகனுடைய மூடத்தனத்துக்கு இன்னொரு சான்றாக அவருக்குப் படும். மனைவி பேச வாயெடுத்தால் வாயடைக்கச் சொல்வார். இந்த வசவுகள் ஏறக்குறைய அப்படியே ஆர்ச்சி பங்கரின் வாய்க்கு வந்து சேர்ந்தன. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஹவுசர் தெரு 704ஆம் எண் வீடு, ஒரு தொழிற்சாலையின் சரக்கேற்றும் பிரிவில் வேலைபார்க்கும் ஆர்ச்சி, வெள்ளந்தியான மனைவி ஈடித், மகள் குளோரியா, படித்துக்கொண்டே மாமனார் வீட்டில் தங்கியிருக்கும் மருமகன் மைக். இவர்களே 'ஆல் இன் தி ஃபேமிலி'.

ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 1968இலும் 1969இலும் இரண்டு முன்னோட்டப் பகுதிகளுக்குப் பணம் கொடுத்து, இரண்டையும் பார்த்துவிட்டு அஞ்சி ஒதுங்கியது. ஆர்ச்சி வேடத்துக்காக முதலில் அணுகப்பட்ட நடிகர் மிக்கி ரூனி, இதை எடுத்தால் உங்களைத் தெருவில் சுட்டுக்கொன்றுவிடுவார்கள் என்று எச்சரித்து மறுத்துவிட்டார். கிராமத்து வேடிக்கைத் தொடர்களால் வளர்ந்திருந்த சிபிஎஸ் நிறுவனத்தை இளைய, நகரப் பார்வையாளர்களை நோக்கித் திருப்ப முயன்ற அதன் தலைவர் ராபர்ட் உட் தொடரை வாங்கினார். 1971 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை இரவு முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று.

அந்த முதல் பகுதியையொட்டி நடந்த ஒரு சிறிய போராட்டமே லியரின் தொழில் வாழ்க்கை முழுவதற்கும் அடித்தளம் என்று நான் கருதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குச் சென்ற ஆர்ச்சியும் ஈடித்தும் பிரசங்கம் பிடிக்காமல் முன்னதாகவே திரும்பிவருகிறார்கள். வீட்டில் யாருமில்லை என்று நினைத்திருந்த மகளும் மருமகனும் அசடுவழிய எதிர்ப்படுகிறார்கள். நடந்ததைப் புரிந்துகொண்ட ஆர்ச்சி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கா என்று அதிர்ந்து கேட்கிறார். அந்த ஒற்றை வரியை நீக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. தொடரில் அதைவிடக் கடுமையான வசவுகள் ஏராளமாக இருந்தன. இந்த வரி போனால் கதைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஆனாலும் அதை நீக்கினால் தாம் விலகிவிடுவதாக லியர் அறிவித்தார். அற்பமான ஒன்றில் விட்டுக்கொடுத்தால், அடுத்து வரும் எல்லா அற்பங்களிலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய வாதம். கணவனும் மனைவியுமான இருவரின் இயல்பான வாழ்க்கையைக் குறிப்பால் உணர்த்தும் ஒரு வரியைக்கூடப் பொறுக்காத நிறுவனம் மற்றவற்றை எப்படிப் பொறுக்கும் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். வரி அப்படியே ஒளிபரப்பானது. எதிர்ப்பு அழைப்புகள் குவியும் என்று எதிர்பார்த்து, தொலைபேசிகளில் கூடுதல் ஆட்களை நிறுவனம் அமர்த்தியிருந்தது. எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை. தொடக்கத்தில் பார்வையாளர்களும் குறைவாகவே இருந்தார்கள். கோடைக்கால மறுஒளிபரப்பிலும், அந்த ஆண்டு கிடைத்த, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளாலும் மக்கள் தொடரைக் கண்டுகொண்டார்கள். அடுத்த ஐந்து பருவங்களுக்கு அமெரிக்காவிலேயே மிக அதிகமானோர் பார்த்த தொடர் அதுதான்.

அது எடுக்கப்பட்ட விதம் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் வீரியத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அன்றைய நகைச்சுவைத் தொடர்களில் பல, ஒற்றைக் கேமராவில் திரைப்படம்போல் படமாக்கப்பட்டு, பதிவுசெய்த சிரிப்பொலி சேர்க்கப்பட்டு வந்துகொண்டிருந்தன. லியரோ அரங்கில் பார்வையாளர்களை அமரவைத்து, பல கேமராக்களைக் கொண்டு, ஒரு நாடகத்தைப்போல் தொடக்கம் முதல் முடிவுவரை வீடியோ நாடாவில் பதிவுசெய்தார். நடிகர்கள் மக்களின் மூச்சை உணர்ந்து நடித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். 1972இல் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் ஆர்ச்சியின் வீட்டுக்கு வந்து, புகைப்படம் எடுக்கும் நொடியில் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிடும் காட்சியில் எழும் சிரிப்பு இன்றைக்கும் கேட்பவரைத் தொற்றிக்கொள்ளும். லியர் பார்வையாளர்களுக்குப் பின்னால் நின்று கவனிப்பாராம். வயிறு குலுங்கச் சிரிக்கும்போது நூற்றுக்கணக்கானோர் ஒரே உடலாக முன்னால் எழும்பிப் பின்னால் சாய்வதைத் தாம் கண்ட ஆன்மிக அனுபவங்களில் ஒன்றாகச் சொல்வார். எழுத்தாளர்களிடம் அவர் வேண்டியது, நாளிதழ்களை ஊன்றிப் படிப்பதும், தங்கள் பிள்ளைகளையும் திருமணங்களையும் உற்றுக் கவனிப்பதும்தான். எழுத்தறையில் முதலில் பேசப்பட்டது யாருடைய வீட்டில் அந்த வாரம் என்ன சண்டை நடந்தது என்பதே.

சண்டை எழுத்தறையோடு நிற்கவில்லை. ஆர்ச்சியாக நடித்த கரோல் ஓ'கானர் அறிவும் தாராள மனமும் கொண்டவர். வாரந்தோறும் கதையோடு மல்லுக்கட்டுபவர். மின்தூக்கியில் சிக்கிக்கொண்ட சிலரிடையே ஒரு போர்ட்டோ ரிக்கோ பெண்ணுக்குப் பிரசவம் ஆகும் பகுதியை நடிக்கவே முடியாது என்று அவர் மறுத்தார். வழக்கறிஞர்கள்வரை பேச்சு போனது. லியர் அசையவில்லை. இறுதியில் எடுக்கப்பட்ட காட்சியில் குழந்தை பிறக்கும் தருணத்தில் கேமரா ஆர்ச்சியின் முகத்திலேயே நிற்கிறது. அந்தப் பெண்ணின் இனத்தைச் சற்றுமுன்புவரை தூற்றிக்கொண்டிருந்த மனிதரின் முகம் முதல் அழுகுரலைக் கேட்டதும் இளகுவதை, ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஓ'கானர் காட்டிவிடுகிறார். நடிக்க மறுத்தவரே அதை அத்தனை உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பதில் இருவருக்கும் சம பங்குண்டு.

இந்தத் தொடரின் மீது அன்றே எழுந்த ஒரு கேள்வி இன்றும் தீரவில்லை. வெறுப்பைப் பேசும் ஒருவரை இத்தனை விரும்பத்தக்கவராகப் படைத்தால், அது வெறுப்பைக் குறைக்குமா, அதற்கு இடம் கொடுக்குமா? 1971இலேயே எழுத்தாளர் லாரா ஹாப்சன் நியூயார்க் டைம்ஸில் நீண்ட கட்டுரை எழுதி, விரும்பத்தக்க வெறுப்பாளர் என்று ஒருவர் இருக்க முடியாது, இத்தொடர் வெறுப்பைக் கழுவித் துடைத்துக் காட்டுகிறது என்று கண்டித்தார். 1974இல் வெளியான விட்மர், ரோக்கீச் ஆகியோரின் ஆய்வு அவருடைய அச்சத்துக்கு வலு சேர்த்தது: முன்முடிவுகள் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகக் கண்டு ரசித்தார்கள், ஆர்ச்சி கேலிக்குள்ளாவதாக அவர்கள் நினைக்கவில்லை. இந்த ஆய்வை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். சிரிக்கவைத்தால் மனிதர் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கைக்கு அது சரியான அடி. லியரே, இரண்டாயிரம் ஆண்டு மதபோதனைகள் மாற்றாததை ஒரு அரைமணிநேரத் தொடர் மாற்றிவிடும் என்று தாம் எண்ணவில்லை என்ற பொருளில் பலமுறை பேசியிருக்கிறார்.

ஆனாலும் ஹாப்சனின் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. அவர் கோரியது, வெறுப்பாளரை அருவருப்பானவராகக் காட்ட வேண்டும் என்பது. அப்படிக் காட்டினால் பார்ப்பவர் ஒவ்வொருவரும் அது தம்மைப்பற்றியதல்ல என்று நிம்மதியாகத் திரும்பிவிடுவார். நம் வீடுகளில் உணவு மேசையில் பேசப்படும் வெறுப்பு அருவருப்பான முகத்தோடு வருவதில்லை. நம்மை வளர்த்தவர்களின் முகத்தோடு, நம்மீது உண்மையான அன்பு கொண்டவர்களின் குரலில் வருகிறது. 1978இல் வந்த ஒரு பகுதி இதை நேராகத் தொடுகிறது. ஆர்ச்சியும் மைக்கும் ஓர் இரவு மதுக்கடையின் சரக்கறையில் பூட்டிக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். போதையில் ஆர்ச்சி தம் இளமையைச் சொல்கிறார்: வறுமையால் ஒரு காலில் ஷூவும் மறுகாலில் பூட்ஸும் அணிந்து பள்ளிக்குப் போனது, அதற்காகப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர், தம்மை அடித்து வளர்த்த தந்தை. உங்கள் தந்தை சொல்லிக்கொடுத்தது தவறு என்று மைக் சொல்லும்போது, உன்மீது அன்பு வைத்த ஒருவர் சொல்லிக்கொடுத்தது எப்படித் தவறாகும் என்று ஆர்ச்சி கேட்கிறார். மைக்கிடம் அதற்குப் பதிலில்லை. அந்தக் காட்சியில் ஆர்ச்சியின் ஒரு சொல்லைக்கூடத் தொடர் நியாயப்படுத்தவில்லை. அந்தச் சொற்கள் எந்தக் கையிலிருந்து அவருக்கு வந்தன என்பதை மட்டும் காட்டுகிறது. அதே ஆண்டு ஆர்ச்சி, ஈடித் இருவரின் நாற்காலிகளும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. தந்தையின் நாற்காலி விலைபோனதைப் பார்த்து நின்ற பிள்ளை, கூடத்தின் நடுவில் வேறு யாரும் உட்காரக் கூடாத ஒரு நாற்காலியை ஆர்ச்சிக்குக் கொடுத்திருந்தார்.

ஆர்ச்சியோடு மட்டும் அவர் நின்றிருந்தால் ஹாப்சனின் வழக்கு இன்னும் வலுவாக இருந்திருக்கும். ஆர்ச்சியால் தூற்றப்பட்டவர்களுக்கும் அவர் அடுத்தடுத்து வீடுகளைக் கட்டிக்கொடுத்தார் என்பதே என் கண்ணில் அவருடைய மிகச் சரியான பதில். 1972 செப்டம்பரில் ஈடித்தின் உறவினரான மோடுக்குத் தனித் தொடர் கிடைத்தது. பியா ஆர்தர் நடித்த அந்தப் பெண்ணின் வாய்த்துணிவுக்கு லியரின் அப்போதைய மனைவி ஃபிரான்சஸ் முன்மாதிரி. அதே நவம்பரில், 47 வயதில் எதிர்பாராமல் கருவுற்ற மோட் கணவருடன் கலந்து கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கும் இரண்டு பகுதிகளை சூசன் ஹாரிஸ் எழுதினார். கருக்கலைப்பு உரிமையை நாடெங்கும் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. நியூயார்க் மாநிலத்தில் அது ஏற்கெனவே சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன, மறுஒளிபரப்பின்போது பல நிலையங்கள் காட்ட மறுத்தன, விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள். எனக்கு அந்தப் பகுதிகளில் பிடித்தது அவற்றின் நிதானம். மோட் முழக்கமிடுவதில்லை, அஞ்சுகிறார், தயங்குகிறார், மகளோடு பேசுகிறார், கணவரைக் கேட்கிறார், பிறகு முடிவெடுக்கிறார்.

மோடின் வீட்டில் பணிபுரிந்த ஃபுளோரிடாவை மையமாக வைத்து 1974இல் 'குட் டைம்ஸ்' வந்தது. எரிக் மான்டி, மைக் எவன்ஸ் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய தொடர் அது. தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் கறுப்பினக் குடும்பத்தைத்தான் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தி, தந்தை பாத்திரத்தையே கேட்டு வாங்கியவர் ஃபுளோரிடாவாக நடித்த எஸ்தர் ரோல். ஆனால் மூத்த மகனின் கோமாளித்தனமும் அவனுடைய ஒற்றைச் சொல் முழக்கமும் மக்களிடம் எடுபடவே, தொடர் அந்தப் பக்கமே சாயத் தொடங்கியது. கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கையை அறியாதவர்கள் எழுதுகிறார்கள் என்று தந்தையாக நடித்த ஜான் ஏமோஸ் வெளிப்படையாகச் சண்டையிட்டார். 1976இல் அவர் நீக்கப்பட்டார், கதையில் தந்தை விபத்தில் இறந்ததாகக் காட்டப்பட்டது. ஏமோஸின் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆர்ச்சியின் வீட்டைத் தம் வீட்டிலிருந்து எழுதிய லியர், இந்த வீட்டை எழுத அதில் வாழ்ந்தவர்களை மேலும் நம்பியிருக்க வேண்டும்.

தந்தை மூன்று வேலை பார்த்தும் ஏழையாகவே இருப்பவர்தானா திரையில் கறுப்பினத்தவர் என்று கேட்டு, கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தினர் தம் அலுவலகத்துக்கே வந்து கோபப்பட்டதை லியர் விவரித்திருக்கிறார். ஆர்ச்சியின் பக்கத்து வீட்டுக்காரரான ஜெஃபர்சன், சலவைக் கடைகள் நடத்திச் செல்வராகி மன்ஹாட்டன் அடுக்குமாடிக்குக் குடியேறும் 'தி ஜெஃபர்சன்ஸ்' 1975இல் தொடங்கியது. 11 பருவங்கள், 253 பகுதிகள். வெள்ளை ஆணும் கறுப்பினப் பெண்ணுமாக ஒரு தம்பதியர் அதில் அண்டை வீட்டாராக ஆண்டுக்கணக்கில் வந்துபோனார்கள். அந்தத் தொடரின் நாயகி இசபெல் சான்ஃபோர்டு 1981இல் நகைச்சுவைத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

எழுத்துக்கு வெளியே அவர் நடத்திய சண்டைகளும் இதே குணம் கொண்டவை. 1975இல் மாலை நேரத்தைக் குடும்ப நேரம் என்று வரையறுத்து, தொலைக்காட்சி நிறுவனங்கள் அவருடைய தொடரை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளியபோது, எழுத்தாளர் சங்கத்துடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். அரசின் நெருக்குதலால் வந்த அந்த ஏற்பாடு பேச்சுரிமைக்கு முரணானது என்று 1976இல் நீதிபதி வாரன் ஃபெர்குசன் தீர்ப்பளித்தார். தொலைக்காட்சிப் போதகர்கள் அரசியலில் இறங்கிய காலத்தில், புகழின் உச்சியில் இருந்த லியர் தொடர்களின் அன்றாடப் பணியிலிருந்து விலகி, அவர்களை எதிர்க்க 'பீப்பிள் ஃபார் தி அமெரிக்கன் வே' அமைப்பை முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா ஜோர்டன் போன்றோருடன் சேர்ந்து தொடங்கினார். 1985இல் அவருடைய நிறுவனங்கள் கோகோ கோலாவுக்கு 485 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டன. பின்னர் 2000ஆம் ஆண்டில், 1776இல் அச்சான அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனப் பிரதிகளுள் ஒன்றை ஒரு நண்பருடன் சேர்ந்து 8.1 மில்லியன் டாலருக்கு வாங்கி, அதைப் பெட்டகத்தில் வைக்காமல் நாடெங்கும் ஊர் ஊராகக் கொண்டுசென்று மக்களுக்குக் காட்டினார்.

தொண்ணூறு வயதைக் கடந்தபின்னும் அவர் வேலையை நிறுத்தவில்லை. மணவிலக்குப் பெற்ற தாயையும் இரு மகள்களையும் பற்றி 1975இல் அவர் தயாரித்த 'ஒன் டே அட் எ டைம்', 2017இல் ஒரு கியூப அமெரிக்கக் குடும்பத்தின் கதையாக மறுபிறவி எடுத்தது. இம்முறை அதை வழிநடத்தியவர்களுள் ஒருவர் அதே சமூகத்தைச் சேர்ந்த குளோரியா கால்டெரோன் கெல்லெட். பாட்டியாக ரீட்டா மொரேனோ நடித்தார். அந்த வீட்டை அதில் பிறந்தவரிடமே ஒப்படைத்ததில், 'குட் டைம்ஸ்' காலத்து ஏமோஸின் வாதம் தாமதமாகவேனும் ஏற்கப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 2019 டிசம்பரில் பழைய இரு தொடர்களின் பகுதிகள் புதிய நடிகர்களுடன் பார்வையாளர்கள் முன்னிலையில் நேரலையாக நிகழ்த்தப்பட்டன. 'குட் டைம்ஸ்' பகுதியில் ஓர் அரசியல்வாதியாக ஜான் ஏமோஸ் மேடையேறினார். அந்த நிகழ்ச்சிக்காக 2020இல் லியருக்கு மீண்டும் எம்மி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 98.